கப்பல் மூழ்கினால் கடல் மீனை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதிலிருந்து எங்கள் வீட்டில் குளத்து மீன்தான். மாமியாருக்கு இன்னும் பயம் போகவில்லை. நம்ம கடல் மீனை வாங்கலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: வாங்கலாம் என்றுதான் சொல்வேன். அதற்காக உங்கள் மாமியார் பயந்தது தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தக் கப்பலில் 640 கண்டெய்னர்கள், 367 டன் ஃபர்னஸ் ஆயில், 84 டன் டீசல் இருந்தன. மழைக்கால நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்பதால் கண்டெய்னரில் இருந்த பிளாஸ்டிக் குருணை குமரிக் கரைவரைக்கும் வந்து ஒதுங்கியது. ஜவ்வரிசி மாதிரி மணலில் அது கிடந்ததைப் பார்த்தவருக்கு மீன்குழம்பு தொண்டையில் இறங்காதுதான்.

ஆனால் எல்லாக் கடல் உணவும் ஒன்றில்லை. எண்ணெயிலிருந்து உடம்புக்குள் போகும் நச்சை சாளை, அயிலை போன்ற மீன்கள் ஈரல் வழியாகச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், சதையில் அதிகம் தங்காது. சிப்பிக்கு அந்தச் சக்தி குறைவு, பாறையில் ஒட்டிக்கொண்டு வருகிற தண்ணீரையெல்லாம் வடிகட்டித் தின்பதால் அதில் நச்சு நாள்கணக்கில் சேர்ந்து நிற்கும். பயப்படுவதானால் சிப்பிக்குப் பயப்படுங்கள்.

2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, பயிற்சி பெற்றவர்கள் மீனைப் பச்சையாகவும் வேகவைத்தும் மோந்து பார்த்தார்கள், அப்புறம் ஆய்வகச் சோதனையும் நடந்தது. அதில் தேறிய பிறகும் ஜனங்கள் வாங்கத் தயங்கினார்கள். சுனாமிக்குப் பிறகு இங்கேயும், 2017-ல் எண்ணூரில் எண்ணெய் கொட்டியபோது சென்னையிலும் இதேதான் நடந்தது.

கப்பல் மூழ்கிய சமயம் சந்தையில் ஒரு அம்மா சருவத்தில் பாதிச் சாளை விற்காமல் உட்கார்ந்திருந்தார். "மக்களே, இது நம்ம வள்ளத்து மீனாக்கும்" என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் நிற்கவில்லை. அவர் சொல்லுக்குத் துணையாக, எந்தத் தேதியில் எந்த மீனைச் சோதித்தார்கள், முடிவு என்ன என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாள் அங்கே ஒட்டியிருந்தால் பாதிப் பேராவது நின்றிருப்பார்கள். அதிகாரிகள் கேமரா முன்னால் ஒரு துண்டு மீன் தின்று காட்டினால் யாருக்கும் பயம் தெளியாது.

சரி, அடுத்த சந்தைக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். செவுளைத் தூக்கி அவரே மோந்து பார்க்கட்டும், மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம். நெத்திலியானாலும் தலையைக் கிள்ளி, கூடவே வரும் குடலையும் எடுத்துவிடுங்கள். சிப்பியை மட்டும் மீன்வளத் துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.