உப்புத்தாளும் டீக்காலும்: போர் விமான மாடல் கேள்வி பதில்

போன இதழில் பிளாஸ்டிக் கிட் மாடல்களை, அதாவது பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டிக் கட்டுகிற மாடல்களை, பற்றி நாலே நாலு வரி எழுதியதற்கு, பெங்களூரிலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியர் குழு எதிர்பார்க்கவில்லை. விமானம் செய்கிற ஊராயிற்றே, எனக்கு ஆச்சரியமாக இல்லை. சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் தாத்தா யுத்த காலத்தில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் நினைவாக ஒரு போர் விமான மாடல் கட்டி ஹாலில் வைக்க ஆசை. இதுவரை எதையும் கட்டியதில்லை. ஸ்பிட்ஃபயர் வாங்கலாமா? (மர்ஃபி டவுன் வாசகர்)

ஸ்பிட்ஃபயர் அழகுதான், கட்டவும் சுலபம், ஆனால் உங்கள் தாத்தாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் தயாராகி, 1942இல் பெங்களூரு வானத்தில் பறந்த போர் விமானம் கர்ட்டிஸ் ஹாக் 75. சீனாவுக்காகத் தொடங்கிய வேலை அது. விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் முடிந்தது, ஏனென்றால் 1943இல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவத்தின் கைக்குப் போய் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய டிப்போ ஆகிவிட்டது. காட்டலினா என்ற கடல் விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கியதும் அந்தக் காலத்தில்தான். இன்றைக்கு அந்த ஏரியைப் பார்க்கிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அதனால் ஹாக் 75 கட்டுங்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் பி-36 என்று போட்டிருந்தால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் ட்வின் வாஸ்ப் இன்ஜின். நமக்கு வேண்டியது ரைட் சைக்ளோன் இன்ஜின் வைத்தது, மூக்கு கொஞ்சம் குட்டையாகவும் தடியாகவும் இருக்கும். பிரிட்டிஷ் விமானப்படை அதையே மோஹாக் என்ற பெயரில் பர்மா எல்லையில் ஓட்டியது, ஆகவே மோஹாக் 4 என்று போட்ட பெட்டி கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 1/72 அளவில், அதாவது அசலில் 72இல் ஒரு பங்காக, இறக்கை கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர் வரும், 1/48 என்றால் 24 சென்டிமீட்டர். முதல் தடவை என்பதால் 1/48 நல்லது, காக்பிட்டுக்குள் கை நுழையாவிட்டாலும் பிரஷ்ஷாவது நுழையும். அதற்கு முன்னால் விலை குறைந்த கிட் ஏதாவது ஒன்றைக் கட்டிப் பாழாக்கிவிடுங்கள், எந்த விமானமாக இருந்தாலும் சரி. பசை எவ்வளவு போட வேண்டும் என்பது படித்துத் தெரிகிற விஷயம் இல்லை.

என்னிடம் 1/48 ஹரிக்கேன் 2சி கிட் இருக்கிறது. பெட்டியில் இருப்பது இங்கிலாந்தில் பறந்த விமானத்தின் நிறம். நான் இம்பாலில் பறந்த நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானமாக முடிக்க வேண்டும். என்னென்ன மாற்ற வேண்டும்? (கே.ஆர்.புரம் வாசகி)

இந்த மாதிரி கேள்விதான் எனக்குப் பிடிக்கும். பலர் கிட்டை வாங்கிவிட்டு அப்புறம் நிறத்தை யோசிக்கிறார்கள். எந்த ஸ்குவாட்ரன், எந்த வருடம், எந்த ஊர் என்று முதலில் முடிவாகிவிட்டால் பாதி சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும். நீங்கள் அதை முடிவு செய்துவிட்டீர்கள்: 1944, இம்பால், அர்ஜன் சிங் தலைமையில் இருந்த ஒன்றாம் ஸ்குவாட்ரன். அங்கே செய்த வேலைக்காகத்தான் அவருக்கு டி.எஃப்.சி. என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது.

முதலில் நிறம். இங்கிலாந்தில் 1941 ஆகஸ்டுக்குப் பிறகு பகல் நேரப் போர் விமானங்களின் மேல்பக்கம் கரும்பச்சையும் ஓஷன் கிரே என்ற சாம்பலுமாக மாறியது. உங்கள் பெட்டிப் படம் அதுவாகத்தான் இருக்கும். இந்த பர்மா பக்கத்துக்குப் பழைய கரும்பச்சையும் மண் பழுப்புமே பொருத்தம், காட்டுக்கு மேலே பறக்கிற விமானத்துக்குக் கடல் சாம்பல் எதற்கு? அடிப்பக்கம் மீடியம் சீ கிரே.

அடுத்து ரவுண்டல், அதாவது அந்த வட்டச் சின்னம். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கிட்டோடு வருகிற டீக்காலில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னத் தாளில், நடுவில் சிவப்பு இருக்கும். கிழக்கே ஜப்பான் விமானத்தின் சின்னமே சிவப்பு வட்டம் என்பதால், அவசரத்தில் நம் ஆட்களே நம் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்று சிவப்பை எடுத்துவிட்டார்கள். கருநீல வட்டத்துக்குள் வெளிர்நீலப் பொட்டு, அளவும் சின்னது. வால் பட்டையிலும் சிவப்பு கிடையாது, அதே இரண்டு நீலங்கள்தான். இந்தச் சின்னங்கள் மட்டும் தனி டீக்கால் தாளாகக் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் சிவப்பின் மேல் பெயின்ட் அடித்து மறைக்க முயல வேண்டாம், அளவே தவறாகிவிடும். மாஸ்கிங் டேப்பில் வட்டம் வெட்டி நேரடியாகப் பெயின்ட் அடித்துவிடுங்கள், வட்டம் வெட்டும் காம்பஸ் கத்தி கலைப்பொருள் கடைகளில் இருக்கும்.

பர்மா விமானம் என்றாலே இறக்கையிலும் வாலிலும் அகலமான வெள்ளைப் பட்டை போட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அது யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் வந்தது. இம்பால் முற்றுகை சமயத்துக்கு வேண்டாம்.

வேலை வரிசையைச் சொல்லிவிடுகிறேன். காக்பிட்டை முதலில் முடித்து உடம்புக்குள் வைத்து மூடுங்கள். ஒட்டும் முன் ஒவ்வொரு துண்டையும் பசை இல்லாமல் பொருத்திப் பார்க்க வேண்டும், எங்கே இடைவெளி வரும் என்று அப்போதே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் சிமென்ட் என்பது ஒட்டுகிற பசை அல்ல, பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிற திரவம். அதனால் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விளிம்பில் பிரஷ்ஷால் ஒரு தொடு தொட்டால் போதும், அதுவே இடுக்கில் ஓடிவிடும். ஒரு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் இடைவெளியை அடைக்கப் புட்டி, 400இல் தொடங்கி 1000 வரை உப்புத்தாள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்ததும் நீங்கள் நன்றாகத் தேய்த்துவிட்டதாக நினைத்த இணைப்பெல்லாம் பல்லைக் காட்டும். மனம் தளராமல் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். பெயின்ட் வெளிர் நிறத்திலிருந்து இருட்டுக்கு: முதலில் அடிப்பக்கச் சாம்பல், பிறகு பழுப்பு, கடைசியில் பச்சை. நிறத்தைக் குப்பியில் இருக்கிறபடியே அடிக்காமல் ஒரு துளி வெள்ளையோ வெளிர்சாம்பலோ கலந்துகொள்ளுங்கள், இத்தனை சின்ன உருவத்தில் அசல் நிறம் கண்ணுக்கு ரொம்ப இருட்டாகத் தெரியும்.

விமானம் போரில் அடிபட்டதாகத் தெரிய வேண்டும் என்று ஹரிக்கேன் முழுக்க வெள்ளிப் பெயின்ட்டால் உரிந்த தழும்புகள் போட்டேன். நண்பர் சிரிக்கிறார். (இந்திரா நகர் வாசகர்)

நண்பர் விஷயம் தெரிந்தவர். ஹரிக்கேனின் பின்பக்க உடம்பு உலோகமே இல்லை, சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. மாடலில் காக்பிட்டுக்குப் பின்னால் நீளவாட்டில் வரிவரியாக மேடு தெரிகிறதே, அது துணிக்கு அடியில் இருக்கிற மரப்பட்டிகள். துணியில் பெயின்ட் உரிந்தால் வெள்ளி எப்படித் தெரியும்? இன்ஜின் மூடிகள், பைலட் கால் வைத்து ஏறுகிற இறக்கை அடிப்பகுதி, துப்பாக்கிக் குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரம், இந்த இடங்களில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுங்கள். அதுவும் பிரஷ் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி எடுத்து, பெயின்ட்டில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசியை ஒற்றி எடுத்துவிட்டு லேசாகத் தட்டினால் இயல்பாக வரும். இம்பாலில் புழுதியும் சேறும்தான் அதிகம், சக்கரத்தைச் சுற்றியும் அடிப்பக்கமும் பழுப்புப் புழுதி காட்டினால் வெள்ளித் தழும்பை விட நம்பும்படி இருக்கும். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து பின்னால் போகிற கரிப்படலத்தை மறக்க வேண்டாம்.

மாரத்தஹள்ளியில் ஒரு பெட்ரூம் ஃபிளாட். ஏர்பிரஷ் வாங்கலாமா, கைப் பிரஷ் போதுமா? கம்ப்ரஸர் சத்தம், வாசனை என்று வீட்டில் எதிர்ப்பு.

வீட்டில் எதிர்ப்பது நியாயம்தான். கைப் பிரஷ்ஷாலேயே அருமையாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள், பெயின்ட்டை மெலிதாக்கி இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும், ஒன்று காய்ந்தபின் அடுத்தது. ஆனால் கேமஃப்ளாஜ் நிறங்கள் மெல்ல ஒன்றில் ஒன்று கலக்கிற மாதிரி வேண்டுமென்றால் ஏர்பிரஷ்தான் வழி. டபுள் ஆக்‌ஷன், அதாவது ஒரே விசையில் காற்றும் பெயின்ட்டும் தனித்தனியாகக் கட்டுப்படுகிற வகை, 0.3 மில்லிமீட்டர் நாசில், காற்றுத் தொட்டி வைத்த சின்ன கம்ப்ரஸர், இது போதும். தொட்டி இருந்தால் மோட்டார் விட்டுவிட்டுத்தான் ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். பெயின்ட் பால் பதத்துக்கு வர வேண்டும், காற்றழுத்தம் 15 பி.எஸ்.ஐ. சுற்றி.

வாசனைக்கு: தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் எடுத்துக்கொள்ளுங்கள், தின்னரில் கரைகிற, வாசனை கடுமையான லாக்கர் பக்கம் இப்போது போக வேண்டாம். அக்ரிலிக் என்றாலும் பறக்கிற தூசி நுரையீரலுக்குள் போகும், ஆகவே ஜன்னல் திறந்து, சரியான ரெஸ்பிரேட்டர் மாஸ்க் போட்டு, குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது. மழைக்காலத்தில் பூச்சு காய அதிக நேரம் கொடுக்க வேண்டும். லாக்கர் அடிக்கிறவர்களுக்கு ஈரக்காற்றில் பளபளப்பு வெளுத்துப்போகும், மழை பெய்கிற மாலையில் கிளியர் கோட் எடுக்காதீர்கள்.

டீக்கால் ஒட்டிய பிறகு அதைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு ஓரம் மின்னுகிறது. பழைய டீக்காலா? (ஜெயநகர் வாசகர்)

டீக்கால் மேல் பழி போடாதீர்கள். மேட் பெயின்ட்டின் மேல்பரப்பு சொரசொரப்பானது, அந்தக் குழிகளில் காற்று மாட்டிக்கொள்கிறது, அதுதான் மின்னுகிறது. டீக்காலுக்கு முன் பளபளப்பான ஒரு கிளாஸ் கோட், அது நன்றாகக் காய்ந்தபின் டீக்கால், மேலே டீக்காலை இளக்கும் திரவம். சுருங்கிச் சுருங்கி அசிங்கமாகத் தெரியும், கையை வைக்காதீர்கள், காய்ந்ததும் தானே படிந்துவிடும். எல்லாம் முடிந்தபின் பளபளப்பை அடக்கும் மேட் கோட். இப்போது மின்னுகிறதை ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தி அதே திரவத்தைத் தடவிப் பாருங்கள், ஓரளவு அடங்கும்.

கேனபி, அதாவது காக்பிட்டின் கண்ணாடி மூடி, ஒட்டியதும் உள்ளே பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது.

சூப்பர் க்ளூ போட்டிருப்பீர்கள். அதன் ஆவி கண்ணாடித் துண்டில் படிந்து வெளுக்கும். கேனபிக்கு வெள்ளை ஃபெவிகால்தான், காய்ந்தால் தெரியவே தெரியாது, அதிகமானால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1971 நாட் விமானம் கட்ட ஆசைப்பட்டு வாங்கினேன், பெட்டிக்குள் இரண்டு இருக்கை இருக்கிறது! (விமானபுரா வாசகர்)

சார், நீங்கள் வாங்கியது நாட் டி.1, பிரிட்டிஷ் பயிற்சி விமானம், ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டியது. நாம் ஓட்டியது ஒற்றை இருக்கை எஃப்.1. இருக்கையை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகாது, டி.1-இன் இறக்கையே பெரிது, உடம்பும் நீளம். அதை சிவப்பில் முடித்து பேரனுக்குக் கொடுத்துவிட்டு எஃப்.1 என்று போட்ட பெட்டி தேடுங்கள். 1971 நவம்பர் 22 அன்று போய்ரா வானத்தில் பாகிஸ்தானின் சேபர் ஜெட் விமானங்களோடு மோதியதும், டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செகோன் கடைசியாக ஏறியதும் இதில்தான். 1/72இல் இறக்கை 10 சென்டிமீட்டர்கூட இல்லை, அவ்வளவு குட்டி. மூக்குச் சக்கரம் வைத்த விமானம் என்பதால் உடம்பை மூடும் முன் மூக்குக்குள் மீன்பிடிக்கிற ஈயக்குண்டு வைத்து ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்கிறேன்: 71இல் எல்லா நாட்டும் ஒரே மாதிரி கேமஃப்ளாஜில் இல்லை, அதனால் ஒரு குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு பெயின்ட் அடியுங்கள்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஃபோக்-வுல்ஃப் 190 என்ற ஜெர்மன் போர் விமானம் கட்டுகிறேன். வாலில் ஸ்வஸ்திக் போடலாமா? அம்மா அது நல்ல சின்னம்தானே என்கிறார். (அல்சூர்)

தம்பி, அம்மா சொல்வது நம் வீட்டு வாசலுக்குச் சரி, இது நாஜிகளின் சின்னம். பல கம்பெனிகள் ஜெர்மன் சட்டத்துக்காக அதை இரண்டு துண்டாக அச்சடிக்கும், அல்லது விட்டுவிடும். சரித்திரப்படி வாலில் இருந்தது, அதனால் போடுவது தப்பில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தயாராக இருந்தால் போடு, இல்லையென்றால் விடு.

அதைவிட சுவாரசியமான ஒன்று உனக்கு. இந்த விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க் 1956இல் பெங்களூருக்கு வந்து எச்.ஏ.எல்.லில் மாருத் என்ற ஜெட் போர் விமானத்தை வடிவமைத்தார், 1961 ஜூன் 17 அன்று அது பறந்தது. கஸ்தூரிபா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தின் வெளியே ஒரு மாருத் நிற்கிறது, பழைய ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். மியூசியத்திலும் இருக்கிறது. போகும்போது போன் கொண்டு போ, பேனல் லைன்கள் (தகடுகள் சேரும் கோடுகள்), ரிவெட், சக்கரக் குழியின் உட்புறம் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடு. உன் 190-இல் பேனல் கோடுகளுக்குக் கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயின்ட், ஓட்டும்போது அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள், அசல் விமானத்தில் கோடுகள் எவ்வளவு மெல்லியதாக இருக்கின்றன என்று பார்த்தால் வாஷ்ஷைப் பாதியாகக் குறைத்துவிடுவாய்.