நண்டுக்கு வேர்க்குமா? இந்த வாரம் வந்த நண்டு கேள்விகள்

உயிரோட வாங்குன சேத்து நண்டை பக்கெட்ல தண்ணி ஊத்தி வச்சேன், காலைல பாத்தா செத்துப்போச்சு. கடைக்காரர் ஈரச்சாக்குல தானே வச்சிருந்தாரு?

கடைக்காரர் பண்ணதுதாங்க கரெக்ட். 30 டிகிரி கடல்தண்ணி ஒரு லிட்டர்ல ஆக்சிஜன் நாலரை மில்லி கூட தேறாது, அதே ஒரு லிட்டர் காத்துல 200 மில்லிக்கு மேல இருக்கு. செவுள் ஈரமா இருந்தா போதும், சேத்து நண்டு காத்துலயே சமாளிச்சிக்கும். அசையாத பக்கெட் தண்ணில இருக்கறத இழுத்து முடிச்சிட்டு மூச்சு முட்டியிருக்கும். அதுலயும் நீங்க ஊத்துனது பைப் தண்ணின்னா கேக்கவே வேணாம்.

வெயில் ஏறுனா நண்டுக்கு இதயம் வேகமா அடிக்குமா? முதல்ல இதயம் இருக்கா?

இருக்குங்க, முதுகு ஓட்டுக்கு அடில. ஆனா நம்மள மாதிரி ரத்தம் முழுக்க குழாய்க்குள்ளயே சுத்தாது, இதயம் பம்ப் பண்ணி விட்டதும் உடம்புக்குள்ள உள்ள இடைவெளில பரவி, செவுள் வழியா திரும்பி வரும். இரும்புக்கு பதிலா செம்பு இருக்கறதால ஆக்சிஜன் ஏறுனா ரத்தம் நீலமாயிடும். செவுள் அறை வாசல்ல துடுப்பு மாதிரி ஒரு தகடு ஆடிக்கிட்டே இருக்கும், அதுதான் கால் இடுக்கு வழியா தண்ணிய உள்ள இழுத்து வாய்ப்பக்கமா வெளிய தள்ளுது.

இப்ப சூடு 10 டிகிரி ஏறுனா உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜன் தோராயமா ரெண்டு மூணு மடங்கு ஆயிடும், அதனால இதயமும் வேகம், துடுப்பும் வேகம். ஆனா சுடுதண்ணில ஆக்சிஜன் கம்மி, போதாக்குறைக்கு அந்த நீல ரத்தமும் சூட்டுல ஆக்சிஜன இறுக்கி பிடிக்காது. ஐரோப்பா சிலந்தி நண்ட வச்சு ஃப்ரெடெரிக், போர்ட்னர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2000-ல எழுதுனாங்க. 8ல இருந்து 17 டிகிரி வரைக்கும் ரத்தத்துல ஆக்சிஜன் நல்லா இருந்துச்சு, அதத் தாண்டுனதும் தண்ணில ஆக்சிஜன் இருந்தும் பம்பால ஈடு குடுக்க முடியல. நம்மூர் நண்டுங்களுக்கு இந்த நம்பர் பொருந்தாது, அதுங்க வாழ்ற தண்ணியே இதவிட சூடு.

வாயில நுரை தள்ளுது, சாகப்போகுதா?

உடனே இல்ல. செவுள்ல மிச்சம் இருக்க தண்ணிய காத்தோட கலந்து திரும்பத் திரும்ப ஓட்டுது, அதான் நுரை. ஈரத்துணி போடுங்க.

கடற்கரைல ஓடுற மணல் கலர் நண்டு மத்தியானம் எங்க போகுது? அதுக்கு வேர்க்குமா?

வேர்க்காது, ஆனா உடம்பு ஈரம் ஆவியாகி கொஞ்சம் குளுமை குடுக்கும். ஈரம் போனா செவுளும் காயும், அதான் சிக்கல். அதனால பகல்ல அடில ஈரமா இருக்க குழிக்குள்ள போயிடுது. கால் நடுவுல முடிக்கொத்து ஒண்ணு இருக்கு, ஈர மணல்ல ஒக்காந்தா திரி எண்ணெய உறிஞ்சற மாதிரி அது தண்ணிய செவுள் அறைக்கு ஏத்திடும், கடலுக்கு ஓடவே வேணாம். எனக்கு நண்டுலயே பிடிச்ச சமாச்சாரம் இதுதான்.

வெட்றதுக்கு முன்னாடி ஐஸ்ல வைக்கணுமா?

வைங்க. குளிர்ல இதயத்துடிப்பு நல்லா கொறஞ்சு மரத்துப்போயிடும், கொடுக்கும் ஆடாது. ஐஸோட கொஞ்சம் தண்ணி சேத்து கூழ் மாதிரி பண்ணி முழுசா முக்குங்க, வெறும் ஐஸ் கட்டி மேல வச்சா ஒரு பக்கம்தான் குளிரும்.