ஹாங்காங்கில் முதன்முறை டிம்சம் கடைக்குப் போகிறவருக்கு

வேலை நிமித்தம் ஹாங்காங் வந்து சாம் சுய் போவில் குடியேறியிருக்கும் நீங்கள், குடியிருப்பின் கீழேயே இருக்கும், தேநீரோடு சிறு சிறு பண்டங்கள் பரிமாறும் பழைய டிம்சம் உணவகத்தைத் தினமும் கடந்து போவதாகவும், சீன மொழி தெரியாமல், பன்றி இறைச்சியும் உண்ணாமல் அங்கே நுழையலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக நுழையலாம். அது கையால் செய்யும் கடை என்றால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போங்கள். ஏனென்றால், தொழிற்சாலையில் செய்து உறையவைத்து வருவதைச் சூடாக்கி மட்டும் தரும் கடைகள் இங்கே பெருகிவிட்டன. விடியுமுன் எழுந்து மாவு பிசையும் மாஸ்டர்களுக்கு வயதாகிவிட்டது, அவர்கள் இடத்துக்கு இளைஞர்கள் வருவதும் அரிது.

கைவேலையைக் கண்டறிய ஹார் காவ் ஒன்றே போதும். இறாலை உள்ளே வைத்து ஆவியில் வேகவைக்கும் இதன் மேல்மாவை, நம் வீட்டில் கொழுக்கட்டைக்குச் செய்வது போலக் கொதிநீர் ஊற்றியே கிளறுகிறார்கள். ஆனால் அரிசி மாவுக்குப் பதில் கோதுமையிலிருந்து பிரித்த மாச்சத்தும் மரவள்ளி மாச்சத்தும் சேர்க்கிறார்கள். சிறு உருண்டையின் மேல் எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தை வைத்து மாஸ்டர் ஒரு சுற்று அழுத்தினால் மெல்லிய வட்டம் வந்துவிடும். இறாலை வைத்து, ஒரு பக்க விளிம்பை மட்டும் விரல் நுனியால் மடிப்பு மடிப்பாகச் சேர்த்து மூடுகிறார். வெந்ததும் இறாலின் இளஞ்சிவப்பு மேல்தோல் வழியே தெரிய வேண்டும். குச்சியால் தூக்கும்போது மூங்கில் கூடையின் அடியில் ஒட்டிக் கிழியக் கூடாது. அந்த மெல்லிய தோல் பல்லில் பட்டு விலகும் சுகத்துக்காகவே நான் இன்றும் காலையில் போய் வரிசையில் நிற்கிறேன்.

பன்றி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சியு மாய் என்னும் மேல் திறந்த கொழுக்கட்டையிலும் சா சியு பாவ் என்னும் ஆவியில் வெந்த பன்னிலும் அது இருப்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஹார் காவின் இறாலோடும் பன்றிக் கொழுப்பைச் சிறு துண்டுகளாகக் கலப்பது வழக்கம். முள்ளங்கிப் பணியாரத்தில் சீனத் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் இருக்கும். ஆகவே “பன்றி வேண்டாம்” என்பதைச் சீனத்தில் எழுதி அலைபேசியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பண்டத்துக்கும் காட்டிக் கேளுங்கள். எதுவும் இல்லாத அரிசிச் சுருளை எள்ளும் இனிப்புச் சாறும் ஊற்றித் தருவார்கள். அதில் தொடங்குவது நல்லது. ஹலால் உணவு வேண்டுமென்றால் வான் சாய் பகுதியில் அம்மார் பள்ளிவாசல் கட்டடத்தின் ஐந்தாம் மாடி உணவகத்தில் டிம்சம் கிடைக்கும்.

முதலில் என்ன தேநீர் என்றுதான் கேட்பார்கள். போ லெய் என்று சொல்லுங்கள், அது புளிக்கவைத்த கருந்தேநீர், எண்ணெய்ப் பண்டங்களுக்கு அதுவே பொருந்தும். முதலில் ஊற்றும் தேநீரில் கிண்ணத்தையும் உண்ணும் குச்சியையும் அலசிக்கொள்வது இங்குள்ள பழக்கம். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கோப்பையில் ஊற்றினால், இரண்டு விரலால் மேசையைத் தட்டுங்கள், அதுவே நன்றி. வெந்நீர் தீர்ந்தால் கெண்டியின் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், கேட்காமலே நிரப்பிவிடுவார்கள். முன்பின் அறியாத முதியவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைத்தால் தயங்காதீர்கள். பட்டியல் சீனத்தில் இருந்தாலும் அவர்கள் முன்னிருக்கும் கூடையைச் சுட்டிக்காட்டினால் போதும். கணக்கில் தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம் சேர்ந்திருக்கும். சில பழைய கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கும் என்பதால் சில்லறையோடு போங்கள்.