ஒரே ஸ்டேஜ் பெருங்குடல் புற்றுநோய், ஒருவருக்கு மட்டும் ஏன் திரும்பி வருகிறது?

அப்பாவுக்கும் அவர் நண்பருக்கும் இரண்டாம் ஸ்டேஜ்தான், நண்பர் நன்றாக இருக்கிறார், அப்பாவுக்குக் கல்லீரலில் வந்துவிட்டது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பேத்தாலஜி ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

குடல்சுவரில் எவ்வளவு ஆழம், எத்தனை நிணநீர் முடிச்சு, வேறு உறுப்புக்குப் போனதா, இவ்வளவுதான் ஸ்டேஜ் சொல்லும். கட்டியைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. ஸ்டேஜ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சை அதிலிருந்துதான் தொடங்குகிறது, அது மட்டும் போதாது என்கிறேன்.

கட்டி குடல்சுவருக்குள் முன்னேறும் விளிம்பை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஒரு ஸ்லைடில் அந்த விளிம்பு நெடுக டி-செல்கள் (புற்றுசெல்லைத் தாக்கும் நோய் எதிர்ப்பு செல்கள்) கருநீலப் புள்ளிகளாக வரப்பு கட்டியதுபோல் நிற்கும். இன்னொன்றில் டி-செல்லே அரிது. வெளிர் இளஞ்சிவப்பு நார்த்திசுவுக்கு நடுவே புற்றுசெல்கள் ஒன்றாக, இரண்டாக, நாலாகப் பிரிந்து கிடக்கும். இதற்கு 'டியூமர் பட்டிங்' என்று பெயர். மிக அதிகமாக உள்ள இடத்தில் 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ணுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் கிரேடு. இரண்டாம் ஸ்டேஜில் இது திரும்பி வரும் ஆபத்தைக் கூட்டும். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த வரி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அந்த நார்த்திசுவைச் செய்வது ஃபைப்ரோபிளாஸ்ட். புண் ஆறும்போது தழும்பு கட்டும் அதே செல்தான். கட்டி அதைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதம் இங்கே பெருகி, புற்றுசெல்களைப் பிரிந்து நகர வைக்கிறது, டி-செல்களையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. 2015-இல் பெருங்குடல் புற்றை மரபணு இயக்கத்தை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய 23 சதவீதம் பேருக்கு இருக்கும் நான்காம் வகைதான் அதிகம் திரும்பி வருவது. அந்த வகையை அடையாளம் காட்டும் மரபணுக்களில் பெரும்பகுதி ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற சுற்றுச்செல்களில் இயங்குபவை என்று அதே ஆண்டில் தெரிந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமான கண்டுபிடிப்பு அதுதான்.

டி-செல் பக்கம், பாரிஸில் ஜெரோம் கலோன் குழு 2006-இல் தொடங்கியது. கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் சி.டி.3, சி.டி.8 என்ற அடையாளப் புரதங்கள் உள்ள டி-செல்களை எண்ணினார்கள். 2018-இல் 2,681 நோயாளிகளிடம் சரிபார்த்தபோது, எண்ணிக்கை கூடியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது.

இதில் உடனே பயன்படுவது எம்.எம்.ஆர். சோதனை, டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்று நான்கு புரதங்கள். சுமார் 15 சதவீதக் கட்டிகளில் இவற்றில் ஒன்றோ இரண்டோ காணாமல் போயிருக்கும். டி.என்.ஏ. பிழைகளைத் திருத்த ஆளில்லாததால் புதுப்புதுப் புரதங்கள் முளைக்கும், டி-செல்கள் அவற்றை அந்நியமாகக் கண்டு குவியும். இரண்டாம் ஸ்டேஜில் இவர்களுக்கு 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்து மட்டும் கொடுப்பதில் பலன் இல்லை. பரவிய நிலையில், டி-செல்களை எழுப்பும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து கீமோவை முந்தியது: நோய் முன்னேறாத காலம் 16.5 மாதம், கீமோவில் 8.2. மற்ற 85 சதவீதக் கட்டிகளில் பெரும்பாலும் அதே மருந்து தனியாக வேலை செய்வதில்லை. மருந்து எழுப்ப வேண்டிய டி-செல்களே உள்ளே போதுமான அளவு இருப்பதில்லை.

ஒரு ஆதங்கம். எம்.எம்.ஆர். ஸ்லைடில் புற்றுசெல் சாயம் ஏறாமல் இருந்தால், பக்கத்தில் உள்ள சாதாரண செல்களான லிம்போசைட்டிலும் ஃபைப்ரோபிளாஸ்ட்டிலும் சாயம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் 'புரதம் இல்லை' என்று எழுத முடியும். அங்கேயும் ஏறவில்லையென்றால் அந்தச் சோதனை செல்லாது. பெரும்பாலும் ஃபார்மலினில் நடக்கும் தப்பு இது. குடலை நீளவாக்கில் திறந்து, பத்து மடங்கு ஃபார்மலினில், 6 முதல் 72 மணி நேரம் போட வேண்டும். வெட்டிய குடலைத் திறக்காமலே சின்ன டப்பாவில் திணித்து அனுப்புகிறார்கள். உள்பக்கம் அழுகிவிடுகிறது. லட்சக்கணக்கில் செலவழித்த குடும்பத்துக்குக் கடைசியில் கிடைப்பது 'முடிவு சொல்ல இயலவில்லை' என்ற வரி.

ஃபியூசோபாக்டீரியம் என்ற வாய்க் கிருமியும் கட்டிக்குள் குடியேறி, நோய் எதிர்ப்பு செல்களின் 'டிஜிட்' என்ற புரதப் பூட்டை அழுத்தி அவற்றை அடக்குகிறது. அதற்காக நீங்களாக மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிக் கொடுக்காதீர்கள். அது கட்டி வளர்ச்சியைக் குறைத்தது எலிகளில்.

இப்போது செய்ய வேண்டியது, அப்பாவின் பாரஃபின் பிளாக்கை (வெட்டி எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த துண்டு) கேட்டு வாங்குவது. பல ஆண்டு ஆனாலும் அதில் சோதிக்கலாம். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். எம்.எல்.எச்.1 இல்லை என்று வந்தால் பி.ராஃப் மரபணுச் சோதனையும் கேளுங்கள். அதில் மாற்றம் இல்லையென்றால், எம்.எல்.எச்.1 மரபணு அணைந்திருக்கிறதா என்று பார்க்கும் மெத்திலேஷன் சோதனை, அதுவும் இல்லையென்றால் பரம்பரையாக வரும் லிஞ்ச் சிண்ட்ரோமுக்கான ரத்தப் பரிசோதனை. அது உறுதியானால் உங்களுக்கும் உங்களுடன் பிறந்தவர்களுக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த மரபணு மாற்றம் இருப்பவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும்.