தேசிய கீதத்தின்போது மண்டியிட்டால் அவமதிப்பா?

"அடுத்த போட்டியில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எங்கள் அணியில் சிலர் மண்டியிட்டு எதிர்ப்பைக் காட்டப் போகிறோம். கொடியை அவமதிக்கிறோம் என்று சண்டைக்கு வருகிறார்கள். உண்மையிலேயே அவமதிப்பா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மண்டியிட்டதை மட்டும் வைத்து அவமதிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2016-ல் கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக், கீதத்தின்போது முதலில் பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்தார். அது மனதை உறுத்தியதால் முன்னாள் ராணுவ வீரர் நேட் போயர் அவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார், அப்புறம் இருவரும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். உயிரிழந்த தோழனின் கல்லறை முன்னால் சிப்பாய்கள் மண்டியிடுவார்கள், நீங்களும் அப்படிச் செய்யலாமே என்றது போயர்தான். அடுத்த ஆட்டத்தில் கேப்பர்னிக் மண்டியிட, பக்கத்திலேயே நெஞ்சில் கைவைத்தபடி போயர் நின்றார். இவ்வளவு யோசித்துச் செய்தும் பலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் நான் பொய் என்று ஒதுக்க மாட்டேன், கொடி போர்த்திய சவப்பெட்டியை வீட்டு வாசலில் வாங்கியவர்களுக்கு அந்தக் கீதம் வெறும் பாட்டு இல்லை.

சரி, சட்டம்? அது நாட்டுக்கு நாடு மாறும். கொடிக்கு வணக்கம் செலுத்தச் சொல்லி மாணவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1943-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் 1986-ல், மத நம்பிக்கை காரணமாகக் கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவர்கள் நின்றார்கள், எதிர்ப்புக் காட்டவும் இல்லை. மண்டியிடுபவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று அதை வைத்து நம்பிவிடாதீர்கள். பாடுகிற கூட்டத்தை வேண்டுமென்றே குலைத்தால் அங்கே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

சட்டப்படி குற்றமில்லை என்றாலும் கிளப் உங்களை வெளியே உட்கார வைக்கலாம், அதனால் விதிகளை முதலில் படியுங்கள். கோஷம் வேண்டாம், கொடியைத் தொட வேண்டாம். ஏன் செய்தீர்கள் என்பதை ஆட்டம் முடிந்ததுமே ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் காரணத்தை வேறு யாராவது உங்களுக்காக எழுதிவிடுவார்கள். அணியில் ராணுவக் குடும்பத்திலிருந்து வந்தவர் இருந்தால், இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். அவர் நிற்கத்தான் விரும்புகிறார் என்றால், உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும்.