இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டீர்களா?

கேள்வி: எனக்கு 56 வயது. நாற்பது வருடமாக நாவல் படிப்பவன். பிறந்தநாளுக்கு மகள் 'மௌஸ்' என்ற காமிக்ஸைக் கொடுத்தாள். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதைப்போய் இலக்கியம்ங்கறியே" என்றேன். அன்றிலிருந்து சரியாகப் பேசமாட்டேன் என்கிறாள். நான் சொன்னதில் என்ன தப்பு?

பதில்: தப்பு அந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. நாவலில் பழகிய கண் எழுத்தைத் தேடித்தான் ஓடும். வசன பலூனுக்குள் இருப்பதைப் படித்ததும் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். முதல் தடவை நானும் அப்படித்தான் படித்தேன்.

முதல் பாகத்தை மறுபடி எடுங்கள். நாஜிகளிடமிருந்து ஒளிய இடமில்லாமல், இதை வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மேனின் யூத அப்பா விளாடெக்கும் அவர் மனைவி ஆன்யாவும் நடந்து போகிற கட்டம் ஒன்று வரும். எங்கே போவது என்று தெரியவில்லை, எழுத்தில் சொல்லப்படுவது அவ்வளவுதான். அவர்கள் நடக்கும் சாலையைப் பாருங்கள். நாஜிக் கொடியில் இருக்கும் ஸ்வஸ்திகா வடிவத்தில் கிடக்கிறது. எந்தக் கிளையில் திரும்பினாலும் நாஜிதான். இதையே ஒரு நாவலாசிரியர் உவமையாக எழுதியிருந்தால் "ரொம்பத்தான்" என்று நீங்களே முகம் சுளித்திருப்பீர்கள். படத்தில் அது சும்மா ஒரு சாலையாகக் கிடக்கிறது. அப்புறம், முதல் அத்தியாயத்தில், கிழவராகிவிட்ட விளாடெக் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கிறார் அல்லவா? அவர் கையில் நாஜி முகாமில் பச்சை குத்திய எண் தெரியும். அதைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

உங்களுக்கு வந்த குழப்பம் பெரிய இடங்களுக்கும் வந்திருக்கிறது. 1991இல் இரண்டாம் பாகம் வந்தபோது நியூயார்க் டைம்ஸ் அதிகம் விற்கும் புத்தகங்களில் அதைப் புனைவுப் பட்டியலில் போட்டது. யூதர்களை எலியாகவும் ஜெர்மானியரைப் பூனையாகவும் வரைந்திருந்தாலும், அது தன் அப்பா வாழ்ந்த வாழ்க்கை என்று ஆர்ட் ஸ்பீகல்மேன் கடிதம் எழுதினார். பத்திரிகை அதை அபுனைவுக்கு மாற்றியது. மறுவருடம் புலிட்சர் சிறப்பு விருதும் வந்தது. 2018இல் 'சப்ரினா' என்ற கிராஃபிக் நாவல் புக்கர் நெடும்பட்டியலுக்கே போனது.

விருதை வைத்து உங்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. காமிக்ஸில் குப்பையும் ஏராளம், நாவலில் இல்லாததா? 'கிராஃபிக் நாவல்' என்ற பெயரே, காமிக்ஸ் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்குப் போட்டுக்கொடுத்த கோட்டு சூட்டு என்றுதான் எனக்குப் படும்.

சரி, மகளிடம் என்ன சொல்வது? மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரு நாள் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்காதீர்கள். எழுத்தை ஒரு தடவை படித்துவிட்டு, அதை மறந்து படத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். அந்தச் சாலை வந்ததும் புத்தகத்தோடு அவள் அறைக்குப் போய், "இதை நீ கவனிச்சியா?" என்று கேளுங்கள். கவனித்திருப்பாள். நீங்கள் விட்டுவிட்ட வேறு நாலு இடங்களையும் சேர்த்துக் காட்டுவாள், பாருங்கள்.