காந்திகிராமக் கிராமியக் கல்வி நிலையம்: கேள்வி பதில்

திண்டுக்கல் அருகிலுள்ள காந்திகிராமத்தின் கல்வி நிலையத்தில் பயின்ற மூத்தவர் ஒருவர், மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அளித்த விடைகள்.

கேள்வி: ஐயா, காந்திகிராமம் காந்தியடிகளே தொடங்கிய ஊரா?

பதில்: இல்லை. 1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் சென்றபோது அவர் அந்த வழியாகக் கடந்திருக்கிறார், அவ்வளவே. சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் அருகில் 1947 அக்டோபர் 7 அன்று காந்திகிராமத்தை நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்து, பின்னர் டெல்லியில் மருத்துவம் பயின்று, 1940இல் காந்தியடிகளின் ஆசியுடன் மறுமணம் செய்துகொண்டவர். ராமச்சந்திரன் கேரளத்தைச் சேர்ந்தவர். சாந்திநிகேதனில் படித்துவிட்டுச் சபர்மதிக்குப் போனவர்.

கேள்வி: ஆசிரமம் போலத் தொடங்கிய இடத்தில் 1956இல் உயர்கல்வி நிலையம் வந்தது எப்படி?

பதில்: அந்த எண்ணத்துக்கு வித்து பல்கலைக்கழகக் கல்வியை ஆராய்ந்த 1948-49ஆம் ஆண்டின் ராதாகிருஷ்ணன் ஆணையத்திலேயே இருக்கிறது. பெரும்பான்மை மக்கள் கிராமங்களில் வாழும் நாட்டில் பல்கலைக்கழகங்கள் யாவும் நகரத்தை நோக்கியே நிற்கின்றன என்பதைக் கண்ட அந்த ஆணையம், சிறு உறைவிடக் கல்லூரிகள் சுற்றிலும் அமைய நடுவில் ஒரு பல்கலைக்கழகம் இயங்கும் 'கிராமியப் பல்கலைக்கழகம்' என்ற திட்டத்தை முன்வைத்தது. ஆணையத்தின் உறுப்பினர்களுள் நம் ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியாரும் இருந்தார். ஆனால் ஆணைய அறிக்கையின் இந்தப் பகுதிக்கு முதன்மைக் காரணமானவர், மற்றோர் உறுப்பினரான ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கப் பொறியாளர். டென்மார்க்கின் மக்கள் பள்ளிகள், உழவர் குடும்பத்து இளைஞர்களை உழவிலிருந்து பிரிக்காமலே கல்வி அளித்த விதம் அவரைக் கவர்ந்திருந்தது. கைத்தொழில் வழியே கற்பிக்கும் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியையும் அவர் அதனோடு இணைத்துப் பார்த்தார்.

பல்கலைக்கழகம் உடனே வரவில்லை. கே. எல். ஸ்ரீமாலி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1956இல் நாடெங்கும் சுமார் பத்துக் கிராமியக் கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் காந்திகிராமமும், கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அவற்றுள் இடம்பெற்றன. ஏற்கெனவே ஊர்ப்பணியில் வேரூன்றியிருந்த அமைப்புகளிடம் கல்லூரியை ஒப்படைத்தது, என் கருத்தில், அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு.

கேள்வி: அங்கே படித்தவர்களுக்குப் பட்டம் கிடைத்ததா? என் பெரியப்பா 'டிப்ளமோ' என்றுதான் சொல்வார்.

பதில்: உங்கள் பெரியப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் முதன்மைப் படிப்பாக இருந்தது மூன்றாண்டுக் கிராமியப் பணிப் பட்டயம். வேலைவாய்ப்புக்கு அதை இளநிலைப் பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்றது என்றாலும், மேற்படிப்புக்குச் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் பல தயங்கின. இந்த நிலையங்களின் வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது இந்தத் தயக்கத்தைத்தான். பாடத்திட்டத்தில் குறை இருந்து அவை நலியவில்லை. பாடம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், 'பி.ஏ.' என்ற இரண்டு எழுத்து பின்னால் இல்லாத படிப்புக்கு மகனை அனுப்ப எந்தத் தகப்பன் துணிவார்? வயலில் வெந்த தலைமுறை, பிள்ளை அதே வயலுக்குத் திரும்பக் கூடாது என்று எண்ணியதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது.

காலப்போக்கில் பல நிலையங்கள் வழக்கமான பல்கலைக்கழகங்களோடு இணைந்து, கலைக் கல்லூரிகளாகவும் வேளாண் கல்லூரிகளாகவும் மாறிவிட்டன. காந்திகிராமம் வேறு வழியில் சென்றது. 1976 ஆகஸ்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, பட்டத்தைத் தானே வழங்கும் உரிமையை அடைந்தது. அதனால் பிழைத்தது, அதே காரணத்தால் மற்றப் பல்கலைக்கழகங்களைப் போலத் துறைகளாகவும் பிரிந்தது. இலாபமா நட்டமா என்று எங்கள் பழைய மாணவர் கூட்டங்களில் இன்னும் வாதிடுகிறோம். நான் இலாபத்தின் பக்கம்.

கேள்வி: மற்றக் கல்லூரிகளில் இல்லாதது அங்கே என்ன இருந்தது?

பதில்: கதர் உடையையும் சர்வ சமயப் பிரார்த்தனையையும் எல்லாரும் சொல்வார்கள். ராமச்சந்திரன் உருவாக்கிய சாந்தி சேனையில் மாணவர்கள் அமைதிப் பணிக்குப் பயிற்சி பெற்றார்கள். ஆயினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கிராமத் தங்கல் திட்டம்: மாணவர்கள் ஒரு ஊரிலேயே சில நாள்கள் தங்கி, வீடு வீடாக விவரம் திரட்டி, ஊராரோடு சேர்ந்து ஏதேனும் ஒரு பணியை முடிக்க வேண்டும். முதல் நாள் சந்தேகத்துடன் பார்க்கும் ஊர், புறப்படும் நாளில் கடலை மூட்டையைக் கையில் திணிக்கும். கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் அடுத்த மூன்றாவது கடமை, மக்களிடம் சென்று செய்யும் விரிவாக்கப் பணி என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977இல் அறிவிப்பதற்கு முன்பே, காந்திகிராமத்தில் அது நடைமுறையில் இருந்தது.

கேள்வி: இப்போது பேசப்படும் சமுதாயக் கல்லூரிகளும் இதுவும் ஒன்றா?

பதில்: உறவு உண்டு; ஒன்றல்ல. சமுதாயக் கல்லூரி அமெரிக்க மாதிரியைப் பின்பற்றி, 1995இல் புதுச்சேரியில் இந்தியாவுக்கு வந்தது. அருகிலுள்ள தொழில்களுக்குத் தேவையான திறனைக் குறுகிய காலத்தில் கற்பித்து, படிப்பை இடையில் விட்டவர்களையும் வேலைக்கு ஆயத்தப்படுத்துவது அதன் நோக்கம். கிராமியக் கல்வி நிலையம் ஊரையே மாற்றக்கூடிய பணியாளரை உருவாக்க முயன்றது.

கேள்வி: கஸ்தூரிபா மருத்துவமனை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததா?

பதில்: இல்லை, அது காந்திகிராம அறக்கட்டளையின் கீழ் இயங்குவது. சௌந்தரம் சின்னாளபட்டியில் சிறு மருத்துவகமாகத் தொடங்கினார். கல்லூரியை விட வயதில் மூத்தது.